மலைக்கு ஒரு தங்கை

என் பாட்டிக்குத் தெரிந்த சாமிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவு. திருமலையில் நிற்பவர் தம்பி. கீழே திருப்பதியில் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் கோவிந்தராஜர் அண்ணன். தம்பி கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனை அடைக்கக் காசு அளந்து அளந்து அலுத்துப்போனவர். திருத்தணி முருகன் மருமகன். அதே திருப்பதியில் இருக்கும் தாத்தய்யகுண்டா கங்கம்மா தங்கை. சித்தூரில் எங்கள் வீட்டுப் பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. எந்த மொழியில் சொன்னாலும் இந்த உறவுமுறை மாறாது.

கிரேக்க, ரோமச் சாமிகள் பள்ளிக்கூடத்தில்தான் அறிமுகம். ஜீயஸ்தான் ஜூபிடர், ஹீராதான் ஜூனோ என்று இரண்டு வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தோம். பெயர்தான் வேறு, ஆள் ஒன்று என்றார்கள். பின்னாளில் படிக்கப் படிக்க அந்த வரிசை கலைந்தது. இலியட்டில் போர்ச்சாமி ஏரிஸைப் பெற்ற ஜீயஸே அவனை வெறுத்துப் பேசுகிறார். அவனுக்கு ஜோடியாக எழுதிய மார்ஸோ ரோமுலஸின் தகப்பன். பயிரையும் மாட்டையும் காக்கச் சொல்லி உழவர்கள் வேண்டிக்கொண்ட சாமி. அப்போலோவுக்கு ஈடாக ரோமில் யாருமில்லை. கிரேக்கப் பெயரோடேயே கி.மு. 431-ல் அங்கே அவருக்குக் கோயில் வந்தது. கி.மு. 217-ல் ஹானிபலிடம் தோற்ற பீதியில் பன்னிரண்டு தெய்வங்களை ஆறு மஞ்சங்களில் இரண்டிரண்டு பேராக அமர்த்தி விருந்து வைத்தார்கள். மார்ஸுக்குப் பக்கத்தில் வீனஸ். அது கிரேக்கக் கதை கொண்டுவந்து சேர்த்த ஜோடி.

விருந்து என்றதும் மே மாதத்துக் கங்கம்மா ஜாத்திரைக்கு மனம் ஓடிவிடுகிறது. பெண்களைச் சூறையாடிய பாளையக்காரனைத் தேடி அம்மன் வேஷம் மாற்றி மாற்றி அலைந்த கதை அது. பைராகியாக, துரையாக, மாதங்கியாக ஆண்கள் வேஷம் கட்டித் தெருத்தெருவாக வருவார்கள். சேலை கட்டி, பூ வைத்து வரும் ஆண்களும் உண்டு. ஆடும் கோழியும் பலியாகும். மலைமேலோ வைகானச ஆகமம், புலால் வாடையே ஆகாது. ஆனாலும் தேவஸ்தானத்திலிருந்து பட்டுப்புடவை, மஞ்சள், குங்குமம் எல்லாம் கீழே இறங்கிவரும். பிறந்தவீட்டுச் சீர். அண்ணன் ஆகமம் அண்ணனோடு, தங்கை பலி தங்கையோடு.

இதை நான் பெரிதாக மதிக்கிறேன். நீயும் நானும் ஒன்று என்று சொன்னால் ஒருவர் கதை மற்றவர் கதையை விழுங்கிவிடும். மார்ஸுக்கு அதுதான் நடந்தது. நம் பக்கமும் அப்படி நடக்காமலில்லை, முருகன் ஸ்கந்தனோடு ஒன்றானான். அப்போதும் தினைப்புனத்து வள்ளி போகவில்லை. தேவசேனைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டாள். சித்தூரிலிருந்து அவள் ஊரான வள்ளிமலை ஒன்றும் தூரமில்லை.

உறவுக்கு மதமும் தடையாகவில்லை. பெருமாள் மணந்த துலுக்க நாச்சியாரைத் தெலுங்கில் பீபி நாஞ்சாரி என்பார்கள். அந்த முறையில் முஸ்லிம்களுக்குப் பெருமாள் மாப்பிள்ளை. தேவுனி கடப்பை வேங்கடேசர் கோயிலுக்கு யுகாதியன்று முஸ்லிம்கள் குடும்பத்தோடு தேங்காய் பழம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், பெண் கொடுத்த வீட்டாராக.