பில்லின் பின்பக்கத்துப் படம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாவு மில் நடத்தும் ஒருவருக்காகப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வாதாடிய வழக்கு இது. புது மோட்டார் வைக்க இடம் போதாமல், ஷாஃப்டில் இரண்டு பேரிங்குக்கும் நட்டநடுவே இருந்த புல்லியை வெளியே நுனிக்கு மாற்றினார். அதற்கென்று கோயம்புத்தூர்க் கடையொன்றில் வாங்கிய 6206 நம்பர் பேரிங்குகள் அடுத்தடுத்துப் போயின. கடைசியில் ஷாஃப்டும் வளைந்து மில் நின்றது.

கடை எங்கிருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. மில்காரர் எப்படி நுகர்வோர் ஆவார் என்ற ஆட்சேபமும் எடுபடவில்லை. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் இயந்திரம் என்றால் ஆவார் என்று லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தெளிவாக்கிவிட்டது.

சிக்கல், 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவில் இருந்தது. இன்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தாங்க வேண்டியது விற்பவர் பொறுப்பு. கைக்கடிகாரம் பற்றிய ராகவ மேனன் வழக்கில் (1962) கேரள உயர் நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். வாங்குபவரே நம்பர் சொல்லிக் கேட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. "6206 கேட்டார், கொடுத்தோம், கிரீஸ் வைக்காமல் கெடுத்துக்கொண்டார்" என்றது கடைத் தரப்பு.

"கிரீஸ் ஒருநாளும் தவறினதில்லைங்க. படம் போட்டுப் பாத்துட்டுத்தானுங்க அவரே எடுத்துக் குடுத்தாரு" என்றார் மில்காரர். படம் பில்லின் பின்பக்கத்திலேயே இருந்தது: நீல மையில் இரண்டு பேரிங், இடையே 40, வெளிப் பேரிங்கிலிருந்து புல்லி வரை 20. கடைக்காரரின் கையெழுத்து. எனக்கு உயிர் வந்தது.

நிபுணராக வந்த பொறியியல் கல்லூரி ஆசிரியர் அதை வைத்தே கணக்குப் போட்டார். பெல்ட் 100 கிலோ இழுத்தால், புல்லி நடுவில் இருந்தபோது ஒவ்வொரு பேரிங்குக்கும் 50. வெளியே போனபின் பக்கத்துப் பேரிங்குக்கு 150; மற்றதற்கு 50, அதுவும் எதிர்த் திசையில். பால் பேரிங்கில் சுமை மும்மடங்கானால் ஆயுள் 27-இல் ஒரு பங்காகிவிடும். அதே 30 மி.மீ. ஷாஃப்டுக்குக் கனமான 6306 போட்டாலும் போதாது. புல்லிக்கு அப்பாலும் ஒரு பேரிங் தாங்கியிருக்க வேண்டும் என்றார்.

உடைந்த பேரிங்குகளை மேசைமேல் வைத்தோம். ஒன்றின் வெளிவளையத்தில் மோட்டார் பக்கம் மட்டும் செதில் பெயர்ந்திருந்தது. மற்றதில் தேய்ந்த தடம், கணக்கு சொன்னபடியே, நேரெதிர்ப் பக்கம். கிரீஸ் இல்லாமல் சூடேறியிருந்தால் எஃகு நீலம் பாய்ந்திருக்கும். இதில் நிறமே மாறவில்லை.

பேரிங், ஷாஃப்ட் விலையும் வழக்குச் செலவும் தர உத்தரவானது. மில் நின்ற நாட்களின் வருமானத்துக்கு மட்டும் கணக்கு இல்லையென்று எதுவும் கிடைக்கவில்லை. படி நெல்லும் மிளகாயும் அரைக்க வருகிறவர்களுக்கு எந்த மில்லில் ரசீது எழுதுகிறார்கள்? உத்தரவின் அந்தப் பகுதியை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்றேன். இன்னொரு வழக்குக்கு அவரிடம் தெம்பில்லை.