குற்றாலத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைகள்

குற்றாலத்துக்கு வருகிறவர்களை இரண்டாகப் பிரித்துவிடலாம். தலையைக் கொடுக்க வருகிறவர்கள் ஒரு வகை. தண்ணீரில் ஆட வருகிறவர்கள் இன்னொரு வகை.

முதல் வகைக்குப் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய வயது. கழுத்து வலி, முழங்கால் வலி, தூக்கமின்மை, கடன், மகளின் கல்யாணம் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்து அருவிக்கு அடியில் நிற்பார்கள். கம்பியை இறுகப் பிடித்து, கண்ணை மூடி, தண்ணீர் அடிக்க அடிக்க அசையாமல் நிற்பார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பயணம் செய்து வந்திருக்கிறார்கள். இரண்டாம் வகைக்கு வயது மூன்றிலிருந்து பதினைந்து வரை. அவர்கள் எங்கேயும் அசையாமல் நிற்க மாட்டார்கள்.

சாரல் காலத்தின் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த இரண்டு வகையும் ஒரே பாறையில், ஒரே தண்ணீருக்கு அடியில் சந்திக்கின்றன. ஒரு பையன் இடுப்புக்கு இடையில் நுழைந்து முன்னே போகிறான். இன்னொருவன் தேங்கிய தண்ணீரைக் காலால் எத்துகிறான். ஒரு சிறுமி, ஏன் என்று யாருக்கும் தெரியாமல், முழுத் தொண்டையில் கத்திக்கொண்டே இருக்கிறாள். கண்ணை மூடியிருந்த பெரியவர் கண்ணைத் திறக்கிறார்.

"ஏல, சும்மா நில்லுல!"

இருபது முப்பது வருடங்களுக்கு முன்னால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். பையன் நின்றிருப்பான், அல்லது பத்தடி தள்ளிப் போய் அதையே செய்திருப்பான். பையனின் அப்பா பக்கத்தில் இருந்தால் அவரும் சேர்ந்து ஒரு அதட்டுப் போட்டிருப்பார். இப்போது அப்படி இல்லை. "எம் பிள்ளையச் சொல்ல நீங்க யாரு?" என்கிற கேள்வி உடனே வந்துவிடுகிறது. "பிள்ளைங்க தண்ணியில ஆடத்தான வந்திருக்கு அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டால், "ஆடட்டும் தம்பி, எம் மேல ஆட வேண்டாம்னுதான் சொல்றேன்" என்பார் மற்றவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அந்தச் சண்டை தீருவதில்லை.

கப்பல்காரர்கள் கண்ட வழி

இது குற்றாலத்துக்கு மட்டுமான சண்டை இல்லை. பெரிய சொகுசுக் கப்பல்களில் உல்லாசப் பயணம் போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இதே புலம்பல்தான் வரும். வராந்தாவில் குழந்தைகள் ஓடுகின்றன, லிஃப்டின் எல்லாப் பொத்தான்களையும் அமுக்கிவிட்டு இறங்கிப் போகின்றன, பெரியவர்கள் வெந்நீர்த் தொட்டியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது தொப்பென்று குதிக்கின்றன. சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் கார்டிலியாவின் 'எம்ப்ரஸ்' கப்பல் பயணத்தைத் தொடங்கிய பிறகு, இந்த அனுபவம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் வாய்த்திருக்கிறது.

கப்பல் நிறுவனங்கள் இதற்குச் சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தன. பிரித்துவிடுவது. குழந்தைகளுக்கென்று தனி விளையாட்டுக் கூடம், அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆட்கள். பெரியவர்களுக்கென்று தனி நீச்சல் குளம். 2021இல் பயணத்தைத் தொடங்கிய வர்ஜின் வாயேஜஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 18 வயது ஆகாதவர்களுக்குக் கப்பலிலேயே இடமில்லை என்று சொல்லிவிட்டது. நம் ஊர் இண்டிகோ விமானத்தில்கூட 2016இல் சில வரிசைகளை 'அமைதிப் பகுதி' என்று ஒதுக்கி, 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கே இருக்கை கிடையாது என்றார்கள். அப்போது அதை வரவேற்றவர்களும் இருந்தார்கள், குழந்தையோடு பறக்கிறவர்கள் என்ன தீண்டத்தகாதவர்களா என்று கோபப்பட்டவர்களும் இருந்தார்கள்.

அருவியில் இதெல்லாம் நடக்காது. அருவிக்குக் கதவு கிடையாது. டிக்கெட் எடுத்தவருக்கு ஒரு தண்ணீர், எடுக்காதவருக்கு ஒரு தண்ணீர் என்று சிற்றாறு பிரித்துக் கொட்டுவதில்லை. பேரருவியில் இருக்கிற ஒரே பிரிவு, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பதுதான்.

அந்தப் பிரிவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் எல்லாம், ஆணோ பெண்ணோ, அம்மாவோடுதான் போகும். அதனால் பேரருவியின் பெண்கள் பகுதிதான் உண்மையில் குழந்தைகள் பகுதி. ஒன்று இடுப்பில், ஒன்று சேலைத் தலைப்பைப் பிடித்தபடி, இன்னொன்று "தண்ணி கண்ல படுது" என்று அழுதபடி. ஆண்கள் பகுதியில் ஒரு மனிதர் அரைமணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டுச் சிவந்த கண்ணோடு வெளியே வந்து, "என்ன, நீங்க இன்னும் குளிச்சு முடிக்கலியா?" என்று மனைவியைக் கேட்பார். அந்த அம்மாள் குளிக்கவே தொடங்கியிருக்க மாட்டார். பிள்ளைகளால் தங்கள் அமைதி கெட்டுப்போனது என்று ஆண்கள் குறைபடுகிறார்கள். கெடுவதற்கு அமைதி என்று ஒன்று கிடைக்காதவர்கள் நடுவில் போட்ட தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள்.

எந்த அருவி யாருக்கு?

குழந்தைகளோடு வருகிறவர்கள் நேராகப் பேரருவிக்குப் போவதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம். மலையிலிருந்து விழும் தண்ணீர் நடுவில் 'பொங்குமாங்கடல்' என்கிற பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அங்கிருந்து பொங்கி வழிகிறது. அதனால்தான் அவ்வளவு உயரத்திலிருந்து வருகிற தண்ணீருக்கு அடியில் மனிதர்கள் நிற்க முடிகிறது. அப்படியிருந்தும் சீசன் உச்சத்தில் அந்த அடி ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தாங்காது. பயத்தில் கத்துகிற பிள்ளையைச் சேட்டை செய்வதாக நினைத்துக்கொள்கிறோம்.

புலியருவி சின்னது, பிள்ளைகளுக்கு ஏற்றது. பேரருவிக்குப் பக்கத்திலேயே சிற்றருவி இருக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுவதால் கூட்டமும் பிரிந்து நிற்கும், அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். ஐந்தருவிக்குப் போகிற வழியில் வெண்ணமடைக் குளத்தில் சீசனுக்குப் படகு விடுகிறார்கள். அரைமணி நேரம் படகில் உட்காரவைத்துவிட்டால் பிள்ளைகளின் பாதி வேகம் அங்கேயே இறங்கிவிடும். மேலே செண்பகாதேவி அருவி, தேனருவி என்று இருந்தாலும் அவை குடும்பத்தோடு போகிற இடங்கள் அல்ல. பழைய குற்றாலம் அழகு. ஆனால் அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமைதி வேண்டும் என்கிற பெரியவர்களுக்கு இடத்தைவிட நேரம்தான் வழி. விடியற்காலையில் பேரருவியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். குளிரில் பல் தந்தியடிக்கும், ஆனால் பக்கத்தில் நிற்கிற எல்லோரும் நம் வகையாகவே இருப்பார்கள். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் வந்து போனார்கள். அவர் 1954இல் மறைந்தார். அந்தக் குற்றாலத்தில் அருவிச் சத்தத்தோடு பேச்சும் கேட்டிருக்கும். இப்போது கேட்பது போலீஸ்காரரின் விசில்.

விசில் ஊதினால்

அந்த விசிலை யார் கேட்கிறார்கள் என்று சற்று நேரம் தள்ளி நின்று கவனித்தால், பிள்ளைகளைப் பற்றிய குறை பாதியாகக் குறைந்துவிடும். 'போதும், வெளியே வாங்க' என்று விசில் ஊதியதும் முதலில் திரும்பிப் பார்ப்பது குழந்தைகள்தான். திரும்பிப் பார்க்காமல் இன்னும் உள்ளே நகர்வது அவர்களின் அப்பாக்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை தடை போட்டிருக்கிறது. பலகையும் வைத்திருக்கிறார்கள். பலகைக்கு நேர் கீழேயே ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பவருக்கு வயது ஐந்தா, ஐம்பதா? குரங்குக்குத் தீனி போடாதே என்று எழுதியிருக்கிற இடத்தில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிள்ளை கையில் கொடுத்து, போட்டோ எடுப்பதற்காக நிற்கச் சொல்கிறவர் யார்? (குரங்கு பாக்கெட்டோடு போய்விடும். பிள்ளை அழும். அதற்கும் பிள்ளைக்குத்தான் திட்டு.)

பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தொட்டு விழத் தொடங்கினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். 'இவ்வளவு தூரம் வந்தும் குளிக்க முடியவில்லையே' என்று பெரியவர்கள் போலீஸ்காரரோடு வாதாடுவார்கள். அவர்கள் வாதாடுகிற நேரத்தில் மேலே மலையில் எவ்வளவு மழை பெய்கிறது என்று கீழே நிற்கிற யாருக்கும் தெரியாது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரலாம் என்பதுதான் இந்த அருவிகளின் ஆபத்து.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் ஆனது. சாரல் சீசன் தொடங்கவே இல்லை. கோடை விடுமுறை, கோடை மழை. குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து வந்தது. அலறியடித்து ஓடிய கூட்டத்தின் வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. 17 வயது மாணவர் ஒருவர் அந்த வெள்ளத்தில் உயிரிழந்தார்.

அதே பழைய குற்றாலத்தில் 2022 டிசம்பர் கடைசியில் வேறு ஒன்று நடந்தது. குடும்பத்தோடு வந்திருந்த நான்கு வயதுச் சிறுமியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பெற்றவர்கள் கதறிக்கொண்டிருக்க, அங்கே வந்திருந்த வாகன ஓட்டுநர் ஒருவர் யாரையும் எதிர்பார்க்காமல் பாறைகளுக்கு நடுவே இறங்கிப் போய்க் குழந்தையைத் தூக்கி வந்தார். குழந்தை பிழைத்தது. அவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் எந்த உறவும் கிடையாது.

'எம் பிள்ளையச் சொல்ல நீங்க யாரு' என்கிற கேள்வியை அருவிக்கரையில் கேட்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது. சொகுசுக் கப்பலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறார்கள். பாறையில் அப்படி யாரும் இல்லை. பெற்றவர்கள் போட்டோ எடுக்கத் திரும்புகிற நொடியில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது முன்பின் தெரியாத ஒரு மாமாவோ ஆச்சியோதான். வழுக்குகிற பிள்ளையின் தோளைப் பிடிக்கிற கையும், 'ஏல, சும்மா நில்லுல' என்று அதட்டுகிற வாயும் பெரும்பாலும் ஒரே ஆளுடையதாகவே இருக்கும். அதற்காக, அதட்டுகிறவர்கள் எல்லாம் அக்கறையில் அதட்டுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. குடித்துவிட்டு வந்து பிள்ளைகளை விரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தன் முதுகில் தண்ணீர் தெறித்ததற்காக இரண்டு வயதுக் குழந்தையை முறைக்கிறவர், அருவிக்கு எதற்கு வந்தார் என்பதும் புரியவில்லை.

காற்றோடு விளையாடலாம்

அருவியில் பிள்ளைகளைத் திட்டுகிற அதே பெரியவர்கள், ஐந்து கிலோமீட்டர் தள்ளித் தென்காசிக்குப் போனால் வேறு மனிதர்களாகிவிடுகிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விசுவநாதர் கோயில். பழைய ராஜகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. இப்போது இருக்கிற ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு 1990இல் குடமுழுக்கு நடந்தது.

அந்தக் கோபுர வாசலில் ஒரு காற்று அடிக்கும். உள்ளே நுழையும்போது முதலில் எதிர்த்துத் தள்ளும், பாதி தாண்டியதும் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளும் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஆனி, ஆடியில் அங்கே பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பாவாடையும் துண்டும் படபடக்க, ஓடுவதும் திரும்பி வருவதுமாக ஒரே கூச்சல். கோயில் வாசல்தான், ஆனாலும் யாரும் அதட்டுவதில்லை. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தாத்தாக்களும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். காற்று எல்லோருக்கும் போதுமான அளவு இருக்கிறது, வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அதுதான் காரணமாக இருக்கலாம்.

குளித்து முடித்த பசிக்குப் பிரானூர் பார்டர் இருக்கிறது. செங்கோட்டைப் பக்கம் போகிற பாதி வண்டிகள் பரோட்டாவுக்காக அங்கே நின்றுவிடும். அங்கே பிள்ளைகள் சத்தம் போடுவதே இல்லை. நாட்டுக்கோழி வருகிற வரை கையில் செல்போனைக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த அமைதியைப் பற்றி எந்தப் பெரியவரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. அருவியில் கத்திய பிள்ளையே மேல் என்று தோன்றுகிற இடம் இது.

சாரல் திருவிழா நடக்கிற நாளாகப் பார்த்து வந்தால், கலைவாணர் அரங்கத்தில் 'கொழு கொழு குழந்தைகள்' போட்டி நடப்பதைப் பார்க்கலாம். அங்கே பெரியவர்கள்தான் கத்துவார்கள். மேடையில் இருக்கிற குழந்தை தூங்கிவிடும்.

பிள்ளைகளோடு கிளம்புகிறவர்கள் சனி, ஞாயிறைத் தவிர்த்தால் நல்லது. குளிக்கும் முன்பே யார் எந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொள்வது என்று பேசிக்கொண்டால், ஒரு ஆள் கரையில் போனும் பையுமாக நிற்கலாம். அம்மாவுக்கு ஒரு கால் மணி நேரம் தனியாக அருவி கிடைக்கும்படி அப்பா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. விசில் ஊதினால் அந்த நொடியே வெளியே வந்துவிட வேண்டும், பிள்ளையை முன்னால் விட்டு.

மாலையில் செங்கோட்டையிலிருந்து புறப்படுகிற பொதிகை எக்ஸ்பிரஸ் தென்காசிக்கு வரும்போது நடைமேடை முழுக்க ஈரத் துண்டும் நேந்திரம் சிப்ஸ் பையும் ரம்புட்டானுமாக இருக்கும். பிள்ளைகள் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். கீழ் பெர்த் யாருக்கு என்கிற அடுத்த சண்டையைப் பெரியவர்கள் வண்டி ஏறியதும் தொடங்குவார்கள்.