சில கோடுகளில் ஒரு நகரம்

உயிருள்ளவற்றின் உருவம் வரைவது பற்றி உலமாக்களிடையே நிகழும் விவாதம் நெடியது. உயிரற்ற கட்டடத்தை வரைய அவர்களுள் பெரும்பாலோர் தடை சொன்னதில்லை. ஆதலால் படக்கதைகளின் பின்புலத்தில் நிற்கும் கட்டடங்களைப் பற்றி நாம் அச்சமின்றி எழுதலாம். நம்மிடம் அரபு பயின்ற இளைஞர் ஒருவர் படக்கதை வரைகிறார். மனிதர்களைவிட அவர்களுக்குப் பின்னாலுள்ள வீதிகளே தம் இரவுகளை விழுங்குவதாக அவர் சொல்லக் கேட்டபின், அக்கலையின் குறுக்கு வழிகளை அறியும் ஆவல் நமக்கும் பிறந்தது.

வழிகள் எளியவையே. கண்மட்டத்தில் ஒரு கோடு. அதில் ஒரு புள்ளி. தெருவின் இருமருங்கும் கூரை விளிம்புகளும் சன்னல் வரிசைகளும் அப்புள்ளியை நோக்கியே ஓடவேண்டும். கட்டடங்களை வெறும் பெட்டிகளாக நிறுத்தி உயரங்களை மட்டும் கூட்டிக் குறைத்தால் நகரம் எழுந்துவிடுகிறது. அருகிலுள்ளதற்குத் தடித்த கோடு, தொலைவிலுள்ளதற்கு மெல்லிய கோடு. அதற்கும் அப்பாலுள்ளவை நிழலுருக்கள். நூறு சன்னல்களையும் வரையவேண்டியதில்லை. மூலையோரம் ஐந்தாறு வரைந்தால் மீதியைப் படிப்பவர் கண்ணே வரைந்துகொள்ளும். ஒரு கட்டத்தில் நகரை முழுமையாகக் காட்டிவிட்டால் அடுத்த கட்டங்களுக்கு ஒரு தூணோ வாசலோ போதும்.

இவற்றைக் கேட்டபோது நம் நினைவுக்கு வந்தவர் யஹ்யா அல்வாஸித்தீ. மத்ரஸாவில் அருஞ்சொற்களோடு நாம் மல்லாடிப் பயின்ற ஹரீரீயின் மகாமாத்தை அவர் தம் கையால் எழுதி, 99 படங்களும் தீட்டி, ஹிஜ்ரி 634, அதாவது கி.பி. 1237இல் முடித்த ஏடு பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. இரண்டாம் மகாமாவில் நூல்களைப் படுக்கவைத்து அடுக்கிய மாடங்களை மனிதர்களுக்குப் பின்னே நிறுத்தினார், நூலகம் ஆயிற்று. யமன் நாட்டு ஸபீதின் அடிமைச் சந்தைக்கு இரண்டே தளங்கள். கீழே விற்கப்படும் மனிதர்கள். மேலே காசு நிறுக்கும் தராசு. முன்சுவர் இல்லாத அக்கட்டடம் அச்சந்தையின் கொடுமையை நாம் படித்த உரைகள் எவற்றினும் தெளிவாகச் சொல்கிறது.

ஆனால், குறைத்து வரைவது வேறு. பொய்யாய் வரைவது வேறு. மேலைநாட்டுப் படக்கதைகள் பலவற்றில் முஸ்லிம் நகரமென்றால் வெங்காயம் போன்ற குவிமாடம், பிறை, ஈச்சமரம். பக்தாதும் கெய்ரோவும் மராக்கேஷும் ஒரே அச்சு. நேரமில்லை என்பது இதற்கு விடையாகாது. கைரவான் பள்ளியின் மினாரா சதுரமானது, ஸாமர்ராவினது சுருண்டேறுவது, இஸ்தான்பூலின் மினாராக்கள் சீவிய பென்சில்கள். நம் கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியோ கற்றூண் மண்டபம். சதுரத்தை வரையக் குவிமாடத்தைவிடக் குறைந்த நேரமன்றோ ஆகும்!

கட்டடத்தின் மீதுள்ள எழுத்தும் கட்டடத்தைச் சேர்ந்ததே. அரபு கற்பிக்கும் நம் கண் முதலில் அங்கேதான் செல்கிறது. பெல்ஜிய ஓவியர் எர்ஜேயின் டின்டின் கதைகளுள் எண்ணெய் நாட்டைப் பற்றிய ஒன்று 1950இல் நூலானபோது, அரபு போலத் தோற்றும் கிறுக்கல்களே அதில் இடம்பெற்றன. 1971இல் வந்த திருத்திய பதிப்பில் அவ்விடங்களில் மெய்யான அரபுச் சொற்கள் ஏறின. கட்டத்தின் மூலையில் நகத்தளவே இடம் கொள்ளும் அச்சொற்களை அரபு அறிந்தவர் சற்று நின்று வாசிக்கலாம்.