விலாசம்

செட்டிநாட்டுப் பக்கம் 'விலாசம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று எல்லா ஊரிலும் உள்ளது: கதவு எண், தெரு, தபால் நிலையம். இன்னொன்று, நகரத்தார் குடும்பங்களின் பெயருக்கு முன்னால் வரிசையாக வரும் முதலெழுத்துகள். ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டித்தொழில் செய்த காலத்தில் அந்த எழுத்துகள்தான் கடையின் பெயர். முதலாளி இங்கே இருப்பார், ஏஜெண்டு கடலுக்கு அப்பால் இருப்பார். ஏஜெண்டு போடும் கையெழுத்து முதலாளியைக் கட்டுப்படுத்தும். ஆகவே அந்த விலாசத்தின் பேரில் யார் கையெழுத்துப் போடலாம் என்பது நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சொந்த டொமைனில் மின்னஞ்சல் வைத்துக்கொள்வதும் கிட்டத்தட்ட இதே விவகாரம்தான். எனக்கு இது உறைத்தது போன வருடம், கண்டனூரில்.

நான் சாக்கோட்டைக்காரன். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். 'கம்ப்யூட்டர் படிச்ச தம்பி' என்பதால் புதுவயல் அரிசி ஆலையின் பிரிண்டர் வரை என்னிடம்தான் வரும். அப்படித்தான் அந்த ஆச்சியும் கூப்பிட்டார். வயது 68. பத்தொன்பது பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்ட பெரிய வீட்டில் அவர் ஒருவர்தான் குடியிருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் பேரன் தலைமுறைப் பையன் ஒருவன் குடும்ப விலாசத்தையே டொமைனாக வாங்கி எல்லோருக்கும் முகவரி போட்டுக் கொடுத்திருந்தான்.

பிரச்சனை இதுதான். இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து மழை இறங்குகிறது. பழுது பார்ப்பதா, விற்பதா என்று எல்லோரிடமும் சம்மதம் கேட்டு ஆச்சி மெயில் அனுப்பியிருக்கிறார். ஈப்போவில் இருக்கும் பங்காளி ஒருவர், தனக்கு எதுவுமே வரவில்லை, தன்னைக் கேட்காமல் வீட்டை விலை பேசுகிறார்கள் என்று வக்கீலிடம் போய்விட்டார்.

"நான் அனுப்புனேன் தம்பி. இந்தா பாருங்க, தேதி இருக்கு. அவுகளுக்கு வரலைன்னா நான் பொய் சொல்றேன்னுதானே அர்த்தம்?"

டிஎன்எஸ் என்பது ஊர்ப் பொதுவில் வைத்த அறிவிப்புப் பலகை மாதிரி. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், டொமைன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எழுதலாம். அந்தப் பலகையைப் படித்துப் பார்த்தேன்.

முதலில் எம்எக்ஸ். 'இந்தப் பெயருக்கு வரும் மெயிலை இந்த சர்வரிடம் கொடு' என்று சொல்லும் வரி. 1986இல் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆவணத்தில் வந்த ஏற்பாடு, இன்றும் அதேதான். ஒன்றுக்கு மேல் சர்வர் இருந்தால் எண் குறைவானதை முதலில் தட்டிப் பார்ப்பார்கள். இவர்கள் டொமைனில் எம்எக்ஸே இல்லை. இரண்டு மாதம் முன்பு வலைத்தளத்தை வேறு இடத்துக்கு மாற்றியவர் அந்த வரியை எடுத்துவர விட்டுவிட்டார். எம்எக்ஸ் இல்லையென்றால் மெயில் நேரே வலைத்தளம் இருக்கும் இயந்திரத்தின் கதவைத் தட்டும். அங்கே திறக்க ஆள் இல்லை. அனுப்பிய சர்வர் நாலைந்து நாள் விடாமல் முயற்சி செய்துவிட்டு, பிறகுதான் கைவிடும். சிங்கப்பூரிலிருந்து வந்த சம்மதம் ஆச்சிக்குக் கிடைக்காத கதை இது.

போகும் மெயிலின் கதை வேறு. மெயிலுக்குத் தபால் மாதிரியே இரண்டு 'அனுப்புநர்' உண்டு. உறையின் மேல் ஒன்று, உள்ளே கடிதத்தின் தலைப்பில் ஒன்று. நம் கண்ணுக்குத் தெரிவது உள்ளே இருப்பது மட்டும். அதில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தடுக்க ஆளில்லை. இதற்குத்தான் மூன்று காவல்.

எஸ்பிஎஃப், என் பேரில் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் பட்டியல். ஆனால் அது உறையை மட்டும் பார்க்கும். டிகிம், கடிதத்தின் மேல் விழும் முத்திரை. சாவி சர்வரிடம், சரிபார்க்கும் அச்சு பலகையில். டிமார்க், இந்த இரண்டில் ஒன்றாவது உள்ளே இருக்கும் பெயரோடு பொருந்துகிறதா என்று கேட்கும். பொருந்தாவிட்டால் என்ன செய்யலாம் என்பதையும் டொமைன்காரரே அதில் சொல்லி வைக்கலாம்.

இவர்கள் டொமைனில் எஸ்பிஎஃப் இரண்டு இருந்தது. மெயில் கம்பெனி சொல்லி ஒன்று, பில் போடும் மென்பொருளுக்காக ஒன்று. இரண்டு பாதுகாப்பு என்று தோன்றும். விதி வேறு: ஒரு பெயருக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. டிகிம் கிடையாது. ஈப்போக்காரரோ பழைய முகவரிக்கு வருவதை இன்னொரு முகவரிக்குத் திருப்பிவிட்டு வாசிப்பவர். அப்படித் திருப்பும் சர்வர் நம் பட்டியலில் இருக்காது, எஸ்பிஎஃப் அங்கே உதவாது. கடிதத்தைத் திருத்தாத வரை டிகிம் முத்திரைதான் அந்த வழியைத் தாண்டும். முத்திரையே இல்லாத ஆச்சியின் கடிதம் ஸ்பேமில் கிடந்தது.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதையெல்லாம் கண்டிப்பாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர் மூன்றும் வைத்திருக்க வேண்டும், குறைவாக அனுப்புபவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வேண்டும். மோசடிக் கடிதங்களின் அளவைப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. அந்த வீட்டின் ஐம்பது வருஷக் கணக்கை மனப்பாடமாகச் சொல்லும் ஒரு மனுஷியை, அவர் பார்த்தேயிராத ஒரு வரி பொய்காரி ஆக்கிவிட்டது. மெயில் ஸ்பேமில் விழுந்ததை அனுப்பியவரிடம் யாரும் சொல்வதில்லை. ரங்கூன் ஏஜெண்டின் கடிதம் சந்தேகப்பட்டால் திரும்பிக் கேட்கவாவது ஆள் இருந்தது.

இலவச ஜிமெயிலுக்குப் போய்விடலாமே என்று நண்பன் கேட்டான். போகலாம். அங்கே பலகையை அவர்களே ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது வாடகை வீடு. சொந்த விலாசம் வேண்டுமென்றால் வருஷா வருஷம் பணம் கட்டணும், ஓடு மாற்றணும், யார் சாவி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கணும்.

எம்எக்ஸைத் திரும்பப் போட்டேன். இரண்டு எஸ்பிஎஃப்பை ஒன்றாக்கினேன். அதற்குள் டிஎன்எஸ் தேடல் 10ஐத் தாண்டக்கூடாது என்பதால் பழைய பெயர்களைக் கழித்தேன். டிகிம் சாவி ஏற்றினேன். டிமார்க்கை முதலில் 'ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு' என்று வைத்தேன். தினம் வந்த அறிக்கைகளில் பில் மென்பொருள் தெரிந்தது. கூடவே, யாரென்றே தெரியாத சர்வர்கள் அந்தக் குடும்ப விலாசத்தின் பேரில் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. மூன்று வாரம் பார்த்துவிட்டு, பொருந்தாததை ஸ்பேமில் தள்ளு என்று மாற்றினேன்.

"இனிமே நான் போட்டாத்தான் நான் போட்டதா?" என்றார் ஆச்சி. ஆமாம் ஆச்சி, என்றேன்.

எஸ்டிமேட்டை மறுபடி அனுப்பினார். ஈப்போவில் அன்றைக்கே கிடைத்தது. சம்மதம் வரவில்லை, கொத்தனார் கூலி அதிகம், ஓடு விலை அதிகம் என்று இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது. ஆச்சி அதற்கு மூன்று பக்கம் எழுதினார். சண்டை இப்போதும் நடக்கிறது. ஆனால் ஓட்டைப் பற்றித்தான் நடக்கிறது.