அந்தக் கான் யாருடையது?

மழை பெய்தால் வெள்ளவத்தை வட்ஸ்அப் குழுக்களில் முதலில் வருவது நிரம்பி வழியும் கானின் படம். அடுத்தது, "மாநகர சபை தூங்குதோ?" தூங்குதோ இல்லையோ, பாதி நேரம் ஆள் மாறித்தான் ஏசுகிறோம். காலி வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. உள் ஒழுங்கை, அதன் கான், குப்பை, தெருவிளக்கு இவைதான் மாநகர சபையின் கணக்கு. கிராம சேவகரிடம் போய் நிற்பவர்களும் உண்டு. பாவம், அவர் பிரதேச செயலகத்து ஆள்.

2023 மார்ச்சில் கலைந்த கொழும்பு மாநகர சபைக்கு 2025 மே 6இல்தான் வாக்களித்தோம். 117 உறுப்பினர்கள். வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, உங்கள் வட்டாரத்துக்காரர் யாரென்று தெரியுமா? சபைக்கான வருஷ வரியை ஜனவரி 31க்குள் கட்டி 10 சதவீதக் கழிவு வாங்க மட்டும் நாங்கள் மறப்பதில்லை!

முறைப்பாட்டைச் சபையில் எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். அசைவில்லையா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "இந்த ஒழுங்கைக் கான் கடைசியாக எப்போது துப்புரவாக்கப்பட்டது? செலவு எவ்வளவு?" என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சபை முடிவு சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.