மணிமுடியும் மனச்சான்றும்

திருவழிபாட்டு ஆண்டின் இறுதி ஞாயிறன்று கிறிஸ்து அரசர் பெருவிழாவை நாம் கொண்டாடுகிறோம். பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1925-ஆம் ஆண்டில் இவ்விழாவை ஏற்படுத்தினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான், முதல் உலகப் போரின் சூறாவளியில் ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் மணிமுடிகள் மண்ணில் உருண்டிருந்தன. மண்ணக அரசர் மறைந்துகொண்டிருந்த காலத்தில் திருச்சபை விண்ணக அரசருக்கு விழா எடுத்தது நம் சிந்தனைக்குரியது. ஆலயத்தில் கிறிஸ்துவை அரசர் எனப் போற்றிவிட்டு வெளியே வரும் நாம் குடியரசின் மக்கள். ஆள்வோரை வாக்களித்துத் தேர்ந்துகொள்பவர்கள். நமக்கு மன்னர் எவருமில்லை. அதற்காக நாம் வருந்துவதுமில்லை.

ஆயினும் மக்களாட்சி நன்கு வேரூன்றிய நாடுகள் பல, இன்றும் அரியணையை அகற்றவில்லை. இங்கிலாந்து, டென்மார்க், நார்வே, ஸ்பெயின், பெல்ஜியம் எனப் பட்டியல் நீளும். மக்களே ஆளும் நாட்டில், பிறப்பு ஒன்றையே தகுதியாகக் கொண்டு ஒருவர் தலைமை வகிப்பது தகுமா? இக்கேள்விக்கு ஏட்டளவில் விடை சொல்வது எளிது. ஆனால் பெல்ஜியம் நாட்டில் அது ஒரு கத்தோலிக்க மனிதரின் மனச்சான்றை நேருக்கு நேர் சந்தித்தது. ஆகவே அந்நாட்டின் வழியாகவே அதனை ஆராய விழைகிறோம்.

பெல்ஜியத்தின் அரசமைப்புச் சட்டம் 1831-ஆம் ஆண்டில் உருவானது. தந்தை இறந்தவுடன் மகன் தானாகவே அங்கு மன்னராகிவிடுவதில்லை. பாராளுமன்றத்தின் இரு அவைகளின் முன்னிலையில் சட்டத்தைக் காப்பதாக ஆணையிட்ட பின்னரே அவர் அரியணை ஏறுகிறார். அமைச்சர் ஒருவர் உடன் கையொப்பமிடாவிடில் அரசரின் ஆணை எதுவும் செல்லாது. அவருடைய பட்டமும் 'பெல்ஜியத்தின் அரசர்' என்பதன்று. 'பெல்ஜியர்களின் அரசர்' என்பதே. நிலத்திற்கு உடையவர் அல்லர் அவர், மக்களுக்கு உரியவர்.

இத்தகைய அரியணை நாட்டை ஒன்றுபடுத்தும் என்பர் சிலர். எப்பொழுதும் அப்படி நிகழ்வதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சரணடைந்த மூன்றாம் லெயோபோல்ட் மன்னர் மீண்டும் நாடு திரும்பலாமா என்பது குறித்து 1950 மார்ச் 12 அன்று மக்கள் வாக்களித்தனர். ஏறத்தாழ நூற்றுக்கு 58 பேர் திரும்பலாம் என்றனர். ஆனால் டச்சு மொழி பேசும் பிளாண்டர்ஸ் பெரும்பான்மையாக ஆதரிக்க, பிரெஞ்சு மொழி பேசும் வலோனியா பெரும்பான்மையாக எதிர்த்தது. மன்னர் திரும்பியதும் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. குண்டடிபட்டு மனிதர் மாண்டனர். இறுதியில் அவர் தம் மகன் போத்வானுக்கு ஆட்சியை விட்டுக்கொடுத்தார். ஒற்றுமையின் சின்னமே பிரிவினைக்குக் காரணமாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1951-இல் அரியணை ஏறிய போத்வான் ஆழ்ந்த இறைப்பற்று உள்ளவர். 1960-இல் அவர் மணந்த பாபியோலா அரசியாருக்குக் கருவுற்ற குழந்தைகள் ஐந்தும் பிறவாமலே மறைந்தன. மக்கட்பேறின்மையைத் துயரமாக மட்டும் கொள்ளாது, எல்லாப் பிள்ளைகளையும் நேசிக்கும் வாய்ப்பாகக் கொண்டனர் அத்தம்பதியர். எனினும் அவரைக் குற்றமற்றவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. 1960 ஜூன் 30 அன்று காங்கோ விடுதலை பெற்ற விழாவில், அந்நாட்டு மக்களைக் கொடுமைக்கு உள்ளாக்கிய இரண்டாம் லெயோபோல்டை அவர் புகழ்ந்து பேசினார். காங்கோ மக்களின் நெஞ்சில் அது வேலாய்ப் பாய்ந்தது. அக்கொடுமைகளுக்காக பெல்ஜிய அரசர் ஒருவர் வருத்தம் தெரிவிப்பதற்கு 2020-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மணிமுடி கண்ணை மறைக்கவும் வல்லது.

இனி நாம் கூற வந்த நிகழ்ச்சிக்கு வருவோம். 1990 மார்ச் 29 அன்று பெல்ஜியப் பாராளுமன்றத்தின் கீழவை, கருக்கலைப்பை வரையறைகளுடன் அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மேலவை முன்னரே இசைந்திருந்தது. மீதமிருந்தது அரசரின் கையொப்பம் ஒன்றே. மறுநாள் போத்வான், பிரதமர் வில்பிரட் மார்டென்சுக்குக் கடிதம் எழுதினார். இச்சட்டத்தில் கையொப்பமிடத் தம் மனச்சான்று இடந்தரவில்லை என்றும், நாட்டு மக்களுள் தாம் ஒருவர் மட்டும் மனச்சான்றுக்கு எதிராக நடக்க நிர்ப்பந்திக்கப்படுவது முறையா என்றும் அதில் வினவினார். அதே வேளையில், மக்களாட்சி முறை தடைப்படாதிருக்க வழி காணுமாறும் வேண்டினார்.

வழி காணப்பட்டது. அரசர் ஆட்சி நடத்த இயலாத நிலையில் இருந்தால் அமைச்சரவையே அவருடைய பொறுப்பை ஏற்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. அவ்விதிப்படி, அமைச்சர்கள் கூட்டாகக் கையொப்பமிட்டனர். சட்டம் ஏப்ரல் 3-ஆம் தேதியிட்டு வெளியாயிற்று. ஏப்ரல் 5 அன்று பாராளுமன்றத்தின் இரு அவைகளும் ஒன்றாகக் கூடி அரசரை மீண்டும் பொறுப்பில் அமர்த்தின. 245 பேர் ஆதரித்தனர், 93 பேர் வாக்களியாது ஒதுங்கினர், எதிர்த்தவர் எவருமில்லை.

இருதரப்பிலும் கண்டனங்கள் எழாமல் இல்லை. அரசரின்றியே நாடு இயங்கிற்றே, பின்னர் அரசர் எதற்கு என்று கேட்டனர் குடியரசுவாதிகள். கையொப்பமிட இயலாவிடில் முடியைத் துறந்திருக்கலாமே என்றனர் வேறு சிலர். நோய்க்கும் சிறைப்பாட்டுக்கும் உரிய விதியை மனச்சான்றுக்கு வளைத்தது பொருந்துமா என்று சட்ட அறிஞர் ஐயுற்றனர். நம்மவர் சிலரோ, எப்படியும் சட்டம் நிறைவேறிவிட்டதே, பிறவாக் குழந்தைகளுள் ஒன்றையேனும் அம்மறுப்பு காத்ததா என்று வருந்தினர்.

இவை அனைத்தும் நியாயமான கேள்விகளே. ஆயினும் நாம் இவ்வாறு எண்ணுகிறோம். அரசர் நினைத்திருந்தால் பாராளுமன்றத்தோடு மோதி நாட்டைக் கலக்கத்தில் ஆழ்த்தியிருக்கலாம். அவ்வாறு செய்திருப்பின், மக்கள் தேர்ந்தவர்களின் தீர்ப்பை ஒரு தனிமனிதர் முறியடித்தவராவார். இன்று நன்மைக்காக முறியடிப்பவரின் மகன் நாளை தீமைக்காகவும் முறியடிக்கலாம் அன்றோ? போத்வான் தம் கையை மட்டுமே விலக்கிக்கொண்டார். மக்களின் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. பதவி பறிபோகலாம் என்பதை அறிந்தே அவ்வாறு செய்தார். தடுக்கும் அதிகாரம் இல்லாததால்தான் அவ்வரியணை மக்களாட்சியோடு வாழ முடிகிறது. லக்சம்பர்க்கில் 2008-ஆம் ஆண்டில் கருணைக்கொலைச் சட்டத்திற்கு இசைவளிக்க அன்றைய கிராண்டு டியூக் ஹென்றி மறுத்தபோது, சட்டங்களுக்கு அவருடைய இசைவு தேவையில்லை என அந்நாட்டு அரசமைப்பே திருத்தப்பட்டது. முடி தங்கிற்று, அதன் அதிகாரம் மேலும் சுருங்கிற்று. ஒரு நாட்டு மக்கள் விரும்பி வைத்திருக்கும் மட்டும் இத்தகைய அரியணை இருக்கலாம் என்பதே நம் கருத்து. அரசர் கத்தோலிக்கர் என்பதற்காக நாம் முடியாட்சியின் பக்கம் சாய வேண்டுவதில்லை. தங்களுக்கு ஓர் அரசர் வேண்டும் என்று கேட்ட மக்களை இறைவாக்கினர் சாமுவேல் எவ்வளவு கண்டிப்பாக எச்சரித்தார் என்பதைத் திருவிவிலியத்தில் நாம் வாசித்திருக்கிறோம்.

ஆனால் இந்நிகழ்ச்சியில் நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. அந்தச் சட்டமே, எந்த மருத்துவரையும் செவிலியரையும் கருக்கலைப்பில் பங்குகொள்ளக் கட்டாயப்படுத்தலாகாது என்று கூறியிருந்தது. செவிலியருக்கு அளித்த உரிமை அரசருக்கு இல்லையா என்பதே போத்வானின் கேள்வி. நாமோ அக்கேள்வியைத் திருப்பிக் கேட்க விரும்புகிறோம்: அரசருக்குக் கிடைத்த வழி செவிலியருக்கு உண்மையில் கிடைக்கிறதா? அவர் மறுத்தபோது அமைச்சரவை கூடியது, பாராளுமன்றம் கூடியது. மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பத்தைத் தாங்கும் ஒரு பெண், இரவுப் பணியில் தன் மேலதிகாரியிடம் 'இதை மட்டும் என்னால் செய்ய இயலாது' என்று சொன்னால், அவளுக்காகக் கூடுவோர் யார்?

நம் பங்குகளில் செவிலியர் இல்லாத தெரு அரிது. நம் உறவினருள்ளும் சிலர் உளர். உள்ளூரிலும் கடல் கடந்தும் பணிபுரியும் அவர்களுள் எத்தனை பேர் இச்சிக்கலை வாய் திறவாது சுமக்கின்றனர் என்பதை நாம் கேட்டறிந்ததுண்டா? நம் இந்திய அரசமைப்பின் 25-ஆம் பிரிவு மனச்சான்றின் உரிமையை எல்லாருக்கும் உறுதி செய்கிறது. எழுத்தில் உள்ள உரிமை வாழ்வில் வருவதற்கு அருகில் நிற்கும் மனிதர் வேண்டும். அத்தகைய மகள் வேலையை இழந்து வீடு திரும்பினால், 'ஏன் வீணாய்ப் பிடிவாதம் பிடித்தாய்?' என்று கேட்கும் முதற்குரல் நம்முடையதாக இருத்தலாகாது.

போத்வான் 1993-ஆம் ஆண்டில் இறந்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2024 செப்டம்பரில் அவர் கல்லறையில் செபித்து, முத்திப்பேறு பட்டத்திற்கான முயற்சி தொடங்கப்படும் என்று அறிவித்தார். அதன் முடிவைத் திருச்சபை கூறட்டும். அரியணைகள் நிலைக்குமா மறையுமா என்பதை அந்தந்த நாட்டு மக்கள் தீர்மானிக்கட்டும். முள்முடி தரித்த நம் அரசரோ பிலாத்துவின் முன் படையின்றித் தனியே நின்றவர். மனச்சான்றுக்காகத் தனியே நிற்கும் எளியவர் எவரையும் தனியே விடாதிருப்பதே அவருடைய குடிமக்களுக்கு அழகு.