கேட்ட நூலும் தாண்டிய பக்கங்களும்

நூலைக் கண்ணாற் கற்பதே கல்வி, காதாற் கேட்பது வெறும் பொழுதுபோக்கு என்று நெடுங்காலம் எண்ணியிருந்தவன் நான். அவ்வெண்ணத்தை மாற்றியது கண்ணழுத்த நோய். மூன்றாண்டுகளுக்கு முன் வரிகளின் ஓரங்கள் மறையத் தொடங்கின. மெல்போர்னில் வாழும் என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது கைப்பேசியில் ஒலிநூல்களை ஏற்றிக் கொடுத்துச் சென்றாள். அன்று முதல், ஒவ்வொரு திங்களும் என்னென்ன கேட்டேன் என்று மனத்திலே கணக்கு வைப்பது வழக்கமாயிற்று. சென்ற ஆடித் திங்களின் கணக்கை மட்டும் இங்கே அன்பர்கள் முன் வைக்கிறேன். அதில் ஒரு பழைய கடன் இருக்கிறது.

எங்கள் எருத்தேன்பதி, பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள ஊர். 1956-ஆம் ஆண்டில் கேரள மாநிலம் அமைந்தது. மாநிலத்தின் எல்லை வரைபடத்தில் விழுந்ததேயன்றி எங்கள் நாவில் விழவில்லை. வீட்டிலும் சந்தையிலும் தமிழ். பெயர்ப்பலகையிலும் பல பிள்ளைகளின் புத்தகத்திலும் மலையாளம். எனவே, தமிழைச் செவியால் மட்டுமே அறிந்த பிள்ளைகள் கடல் கடந்த நாடுகளில் மட்டுமல்லர், எங்கள் தெருவிலும் உண்டு.

ஆடியின் முதல் வாரத்தில் கேட்டவை புதுமைப்பித்தன் சிறுகதைகள். முன்பு கண்ணால் படித்தபோது அவருடைய நெல்லைப் பேச்சை என் கொங்குத் தமிழின் ஓசையிலேயே படித்திருக்கிறேன் போலும். படிப்பவர் நெல்லைக்காரர், அவர் குரலில் கேட்டபோதுதான் அந்த எள்ளலின் கூர்மை விளங்கிற்று.

இரண்டாம் வாரத்தில் கேட்டது கைப்பேசியில் அன்று. நமது ஆடியே மலையாளத்தாரின் கர்க்கடகம். அந்தி விளக்கேற்றியதும் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணத்தை உரக்கப் படிப்பது அவர்களிடையே வழக்கம். அடுத்த வீட்டு மூதாட்டியார் படிப்பது என் திண்ணை வரை கேட்கும். கவிஞர் அந்நூலைக் கிளியொன்று பாடுவதாக அமைத்தார். ஆதலின் அது கிளிப்பாட்டு எனப்படுகிறது. இவ்வட்டாரத்துப் பகவதி கோயில்களில் நடக்கும் தோற்பாவைக் கூத்தும் நினைவுக்கு வந்தது. மலையாள மண்ணில் கம்பன் பாடல்களை இரவெல்லாம் பாடிப் பொருள் சொல்லும் கூத்து அது. தாரிகனோடு போரிட்டுக் கொண்டிருந்த பத்திரகாளி இராம இராவணப் போரைக் காணத் தவறினாளாம்; அக்குறை தீரவே கூத்து நடக்கிறதென்பது ஐதிகம். எதிரே மனிதர் ஒருவரும் இல்லாத இரவிலும் கூத்து நிற்பதில்லை. கேட்பவள் தேவியல்லவா?

மூன்றாம் வாரத்தில் பொன்னியின் செல்வன் முதற் பாகம். பாம்பே கண்ணன் பல நடிகர்களின் குரல்களைக் கொண்டு அதனை ஒலிவடிவாக்கியிருக்கிறார். நான் எடுத்துக்கொண்டதோ, ஒரே குரல் அமைதியாகப் படித்துச் செல்லும் வேறொரு பதிவு. கதை ஓர் ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குகிறது. வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். எழுபத்து நான்கு கணவாய்களின் வழியே வெள்ளம் பாய்கிறது. வயலும் வாய்க்காலும், கரையில் கூடி உண்ணும் குடும்பங்களும் நிதானமாக விரிகின்றன. அந்த இடத்தில் பதிவை நிறுத்திவிட்டேன். அப்பக்கங்களை நான் முன்பே அறிவேன். ஆனால் என் தாயார் அறியார்.

என் தாயார் எழுத்தறியாதவர். உறவினர் ஒருவர் தொடர்கதைப் பக்கங்களை வாரந்தோறும் கிழித்தெடுத்துத் தைத்து வைத்திருந்த பொன்னியின் செல்வனை நான் அவருக்கு இரவுதோறும் படித்துக் காட்டினேன். பத்து வயதுச் சிறுவனுக்குக் குதிரையும் வாளும் வேண்டும்; ஏரியும் வாய்க்காலும் எதற்கு? வருணனை வந்த இடங்களையெல்லாம் தாண்டிவிடுவேன். ஒருநாள் அவர் கேட்டார்: "அந்த ஏரியில தண்ணி நெறைய இருந்துதா கண்ணு?" "இருந்துதும்மா" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

எங்களூர் மழைமறைவு நிலம். மேற்கே மலையாளம் நனையும்போது எங்கள் வானம் வெறிதே மூடிக்கிடக்கும். ஆழக் கிணற்றில் நீர் இறைத்துக் கைகாய்த்துப் போனவர் என் தாயார். நிறைந்ததோர் ஏரியை அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. கல்கி அவர்கள் அத்தனை சொற்களில் பெருக்கிவிட்ட வெள்ளத்தை, நான் ஒரு சொல்லில் அடைத்துவிட்டேன். அவரும் மறுமுறை கேட்கவில்லை. நான் தாண்டியதை அவர் அறிந்திருந்தாரோ என்ற ஐயம் இன்றும் என்னை விட்டபாடில்லை. பத்திரகாளிக்குக் கதை சொல்ல ஆண்டுதோறும் கூத்து வரும். என் தாய்க்கு மறுமுறை சொல்ல இனி எவர் உளர்?

நான்காம் வாரத்தில் அதே முதல் அத்தியாயத்தை மீண்டும் கேட்டேன். இம்முறை தனியாக அன்று. மெல்போர்னில் ஒன்பது வயதுப் பேத்தியும் கைப்பேசி வழியே உடன் கேட்டாள். அவளுக்குத் தமிழ் செவியளவில் உண்டு, எழுத்து இல்லை. "ஏரி" என்று வந்தபோது, "அப்புச்சி, குதிரை எதன் மேல் ஏறி?" என்றாள். ஏறுதல் வேறு, நீர்நிலையாகிய ஏரி வேறு என்றேன். "ஒரே மாதிரிதானே கேட்கிறது?" என்றாள். காகிதத்தில் ரகரத்தையும் றகரத்தையும் பெரிதாக எழுதிக் காட்டினேன். அவள் பார்த்து எழுதினாள். அவள் எழுதிக் கற்ற முதல் தமிழ் எழுத்துகள் அவையே. பிறகு, "அந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர்?" என்று கேட்டாள். இம்முறை நான் அவசரப்படவில்லை. அவ்வேரியே இன்றைய வீராணம் என்றும், 2004 முதல் சென்னைக்கும் அது குடிநீர் தருகிறதென்றும் கூறினேன். எழுபத்து நான்கு கணவாய்களையும் அவள் விரல்விட்டு எண்ணும் வரை காத்திருந்தேன்.

செவிவழிக் கல்வி புதியதன்று. வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்தார். கல்லாதார்க்கும் ஒரு வாயில் திறந்திருக்கட்டும் என்னும் கருணையாகவே அவ்வரிசை எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் 1935-இல் ஒலிநூல்கள் தொடங்கப்பெற்றதும் பார்வையிழந்தோர்க்காகவே. முதல் உலகப்போரில் கண்ணிழந்த வீரர்களின் தேவையே அதற்குத் தூண்டுகோலாயிற்று. இன்று நூலை இழந்தோர் கண்ணிழந்தவர் மட்டுமல்லர். எழுத்தை இழந்த நம் குழந்தைகளும் அவ்வரிசையில் நிற்கின்றனர்.

ஆயினும் ஒன்று சொல்வேன். பதிவு செய்த குரல் களைப்பதில்லை, பக்கத்தைத் தாண்டுவதில்லை. அவ்வகையில் அது என்னினும் நேர்மையானது. ஆனால் கேட்பவர் கேள்வி கேட்டால் அது நின்று விடை கூறாது. ஆதலின் அயலூர்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு என் வேண்டுகோள் இதுவே: குழந்தையின் காதில் கருவியை மாட்டிவிட்டு அகன்றுவிடாதீர்கள். உடனிருந்து கேளுங்கள், குழந்தை கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள், கையருகே ஒரு காகிதமும் எழுதுகோலும் இருக்கட்டும்.

ஆவணித் திங்களில் நானும் பேத்தியும் இரண்டாம் அத்தியாயத்திற்குச் செல்வோம். விரைந்து செல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை.